காசு வந்த வீட்டுல கிறுக்கன் யாரு?

வா பேராண்டி, உக்காரு. சாலிகிராமத்துல டீயும் பன்னுமாவே காலத்த ஓட்டிட்டு இப்பக் கையில கதையோட வந்திருக்கன்னு உங்க அப்பத்தா ஊரு பூராத் தண்டோரா போட்டுட்டா. திண்டுக்கல்லுல ஒருத்தன், கொஞ்சம் புத்தி பேதலிச்சவன். அவனுக்குத் திடீர்னு அஞ்சு கோடி வந்து விழுது. ஊரே அவன் பின்னால அலையுது. கேட்டா 'டார்க் காமெடி'ங்கிற. நல்லதுதான். எனக்குப் படிப்பு ஏறல. ஆனா அய்யலூர் ஆட்டுச் சந்தையிலயும் மணப்பாறை மாட்டுச் சந்தையிலயும் தரகு பாத்தே மீசை நரைச்சவன். காசையும் கிறுக்கையும் பத்தி நாலு வார்த்த சொல்ல எனக்கு யோக்கியதை இருக்குன்னு நெனைக்கிறேன். இல்லேன்னாலும் சொல்லத்தான் போறேன்.

மொத சீனுலயே நீ மாட்டிக்கிட்ட. உன் கதாநாயகன் கிழிஞ்ச வேட்டியத் தலப்பாக் கட்டிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு வாசல்ல நின்னு போற வர்ற வண்டிக்கெல்லாம் கை காட்டுறான். ஒடனே கண்டக்டரு, "இந்தாளுக்குக் கீழ்ப்பாக்கம் ஒரு டிக்கெட்"டுங்கிறாரு. தியேட்டரே குலுங்கும்னு ஓரத்துல எழுதி வேற வச்சிருக்க. ஏன்யா, அந்த மனநல ஆஸ்பத்திரி 1794-ல மெட்ராசுல ஆரம்பிச்சது, 1871-ல கீழ்ப்பாக்கத்துக்குக் குடி போனது. அன்னையிலருந்து அந்தப் பேரச் சொல்லிச் சிரிச்சாச்சு. ஒரு பேருக்கு எத்தன தலைமுறைதான் சிரிக்கிறது? போதாக்கொறைக்கு 2022 ஜனவரியில நம்ம ஊருக்கே மெடிக்கல் காலேஜ் வந்துருச்சு. ராப்பூரா பஸ்ஸுல ஒக்காந்து கீழ்ப்பாக்கம் போக உன் ஆளுக்கு என்ன தலவிதியா?

அப்புறம் அந்தக் கரண்டு சீனு. கட்டில்ல கட்டிப் போட்டு, வாயில துணிய அடச்சு, ஷாக்கு குடுக்குறாங்க. அவன் முடி நட்டமா நிக்குது. 2017-ல வந்த மனநலச் சட்டத்துல, மயக்க மருந்து குடுக்காம அந்த வைத்தியத்தச் செய்யவே கூடாதுன்னு எழுதிப்புட்டான். நீ எழுதியிருக்கது காமெடி இல்ல அப்பு, கேஸு.

கோவிச்சுக்கிறாத. இந்த வகைப் படத்த ஒழுங்கா எடுத்தவனும் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கான். 2013 மே தினத்தன்னைக்கு வந்துச்சே 'சூது கவ்வும்', நலன் குமரசாமி எடுத்தது. அதுல தாசுன்னு ஒரு ஆளு, விஜய் சேதுபதி. ஆளக் கடத்திக் காசு வாங்குறது தொழிலு. அதுக்கு அஞ்சு விதி போட்டு வச்சிருக்கான். அதிகாரத்துல இருக்கவன் மேல கைய வைக்காதங்கிறது மொத விதி. கூடவே ஷாலுன்னு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு தாசு கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். அவன் அதோட பேசுவான், யோசன கேப்பான், அது செத்துப் போறப்ப நெசமாவே ஒடிஞ்சு போவான்.

இந்தாளோட வந்து சேர்ற மூணு பயலுகள்ல ரெண்டு பேரப் பாரு. ஒருத்தன் நயன்தாராவுக்குக் கோயில் கட்டி, அதுக்கு ஊர விட்டு வெரட்டப்பட்டவன். ஒருத்தன் விடியக்காலம் எந்திரிச்சு, குளிச்சு முழுகி, சட்டை மாட்டி, ஆபீசுக்குக் கெளம்புற மாதிரி கெளம்பிக் குடிக்க ஒக்கார்றவன். கடத்தப்பட்ட மந்திரி மவன் அருமைப்பிரகாசம் இருக்கானே, அவன் இவனுகளுக்கெல்லாம் அப்பன். தன்னக் கடத்துனவங்ககிட்டயே பணத்துல பங்கு பேசுறான். நேர்மையா இருந்த மந்திரிய ஓரங்கட்டிட்டு, அவரையே ஏமாத்துன மவனத்தான் கட்சி கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. இதுல கிறுக்கன் யாருன்னு கேட்டா டாக்டரு தாசைக் காட்டுவாரு. நான் அந்தக் கட்சி ஆபீசக் காட்டுவேன்.

ஒண்ண கவனிச்சியா? ஷாலு தாசு கண்ணுக்குத் தெரியிறதுல அந்தப் பயலுக யாருக்கும் லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. அதனாலதான் மொதல்ல மெரண்டானுக, அப்புறம் பழகிக்கிட்டானுக. அவனக் கட்டிப் போடவும் இல்ல, கேலி பேசவும் இல்ல. சிரிப்பு அங்கருந்துதான் வருது. உன் கதையில சிரிப்பு அந்தத் தலப்பாவுலருந்து வருது.

சந்தையில ஒரு சங்கதி உண்டு, கேளு. நல்ல காளை ஒண்ணு வந்து நிக்கும். வாங்க வந்தவன் அதச் சுத்திச் சுத்தி வருவான். பல்லப் புடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான், வாலத் தூக்கிப் பாப்பான். ஒரு கொறையும் இருக்காது. ஒடனே தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "மாடு கொஞ்சம் கிறுக்கு போலருக்கே, கண்ணு ஒரு மாதிரி இருக்கே"ம்பான். சொல்லிக்கிட்டே வெல பேசத் துண்டுக்குள்ள கைய விட்டு என் வெரலப் புடிப்பான். அந்தக் காளைக்குக் கிறுக்கு இருந்துச்சா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா அத மொதல்ல சொன்னவன் துண்டுக்குள்ள எத்தன வெரல மடக்கியிருந்தான்னு தொட்டுப் பாத்தவன் நான். ஊரு ஒருத்தனக் கிறுக்கன்னு சொல்லுச்சுன்னா, அத மொதல்ல சொன்னவன் யாரு, அந்தப் பட்டத்தால அவனுக்கு எம்புட்டு மிச்சம்னு பாரு. உன் படம் அங்கதான்யா கெடக்கு. நீ அத விட்டுட்டுத் தலப்பாவப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்க.

நம்ம ஜில்லாவுலயே எடுத்த படத்தப் பாரேன். 1991 தீபாவளிக்கு, 'தளபதி' வந்த அன்னைக்கே வந்துச்சு 'குணா'. சந்தான பாரதி டைரக்சன், பாலகுமாரன் வசனம். கொடைக்கானல்ல பில்லர் ராக்ஸ் பக்கம் வெள்ளக்காரன் 'டெவில்ஸ் கிச்சன்'னு பேரு வச்ச பொந்துக்கு இன்னைக்குக் குணா குகைன்னு பேரு. அதே எடத்துல 2006-ல குழியில விழுந்த கூட்டாளியத் தூக்கிட்டு வந்த கேரளாப் பயலுக கததான் 2024-ல 'மஞ்சும்மல் பாய்ஸ்'னு வந்துச்சு. சிரிப்பு கம்மியான படந்தான் 'குணா'. ஆனா அதுல இருக்குற வரவு செலவப் பாரு. ரோகிணி பெரிய சொத்துக்காரி. அந்தச் சொத்தப் பாத்துக்கிறவனுக்குச் சொத்து மேல கண்ணு. கமல் கூட இருக்குறவனுகளுக்குக் கெடைக்குற காசு மேல கண்ணு. பணமே வேணாம், பௌர்ணமியன்னைக்குக் கல்யாணம் ஆனாப் போதும்னு நிக்கிறவன் ஒருத்தந்தான். மொத்த படத்துலயும் பைத்தியம்னு பேரு வாங்குனவனும் அவன் ஒருத்தந்தான். இத யாரும் வசனமாப் பேசல. நீயா இருந்தா மூணு பக்கம் பேச வச்சிருப்ப.

செரி, உன் அஞ்சு கோடிக்கு வருவோம். எங்கருந்து வருது? லாட்டரிங்கிற. தமிழ்நாட்டுல அண்ணா காலத்துல, 1968-ல ஆரம்பிச்ச பரிசுச் சீட்டு 2003-ல தடை ஆயிருச்சு. அப்ப உன் ஆளு குமுளிக்குப் போயி வாங்குனான்னு வச்சுக்க. அஞ்சு கோடி விழுந்தா, பத்துல ஒரு பங்கு ஏஜெண்டுக்கு. மிச்சத்துல நூத்துக்கு முப்பது வரி. மூணு கோடியே பதினஞ்சு லட்சம் நிக்கும். அதுலயும் சர்சார்ஜுன்னு ஒண்ணு வந்து கடிக்கும். நீ என்னடான்னா க்ளைமாக்ஸ்ல அவன் அஞ்சு கோடியையும் ஒத்தப் பையில தோள்ல மாட்டிக்கிட்டு மலைக்கோட்டை மேல ஓடுறாங்கிற. ரெண்டாயிரம் ரூவா நோட்டையும் 2023-ல வாபஸ் வாங்கியாச்சு. ஐநூறு ரூவா நோட்டுல அஞ்சு கோடின்னா ஒரு லட்சம் நோட்டு, ஆயிரம் கட்டு. நோட்டு ஒண்ணு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல. மொத்தம் நூறு கிலோவத் தாண்டும். உன் கதாநாயகன் பயல நான் பாத்திருக்கேன், அவனே அறுவது கிலோ தேறமாட்டான். அதுவும் போக, லாட்டரிப் பணம் பேங்குக்குத்தான் வரும் ராசா, பைக்கு வராது.

காசு வந்தவன் படுற பாட்டுக்கு நீ கற்பன பண்ணவே வேணாம். 2022 ஓணம் பம்பர்ல திருவனந்தபுரத்து ஆட்டோக்காரர் ஒருத்தருக்கு இருவத்தஞ்சு கோடி விழுந்துச்சு. சீட்டு வெல ஐநூறு ரூவா. கையில காசு பத்தலைன்னு பச்சப் புள்ளையோட உண்டியல ஒடச்சு வாங்குன சீட்டு. பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல கூட்டம். வைத்தியச் செலவு, கல்யாணச் செலவு, கடன் பாக்கின்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர். சொந்த வீட்டுல இருக்க முடியாம எடம் மாறி மாறிப் போயி, இந்தப் பரிசே விழாம இருந்திருக்கலாம்னு அந்த மனுசன் ஊரறியச் சொன்னாரு. பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. மறு வருசம் அதே பம்பர நம்ம திருப்பூர்க்காரங்க நாலு பேரு சேந்து அடிச்சாங்க. ஆட்டோக்காரர் பட்டதப் பாத்துட்டோ என்னவோ, ஒரு பங்காளிக்கு நாலு பங்காளியா நின்னுக்கிட்டாங்க. கெட்டிக்காரங்க.

1997-ல 'அருணாச்சலம்' வந்தப்ப, முப்பது நாள்ல முப்பது கோடியச் செலவழிக்கணும்னு ரஜினி திண்டாடுனதப் பாத்துத் தியேட்டரே வேர்த்துச்சு. அந்தக் கதைக்கு மூலம் அமெரிக்காவுல 1902-ல வந்த ஒரு நாவல்ம்பாங்க. அமெரிக்காக்காரனுக்குச் செலவழிக்கத் தெரியல, அதான் நாவல் எழுதியிருக்கான். நம்ம பக்கம் முப்பது நாளு எதுக்கு? ஒரு காதுகுத்து வையி. நாலு ரோட்டுக்கு பிளெக்ஸு, நூறு கெடா, சீரகச் சம்பா பிரியாணி, மாமன் சீருக்கு மேளதாளத்தோட ரெண்டு லாரி. ஞாயித்துக்கெழம காலையில ஆரம்பிச்சா திங்கக்கெழம கடன் வாங்கப் போயிரலாம். தேய்பிறை அஷ்டமிக்குத் தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலுக்குப் போயிப் பாரு. சொர்ண ஆகர்ஷண பைரவர் முன்னால கடன் தீரணும், காசு பெருகணும்னு எம்புட்டுக் கூட்டம்! அதுல பாதிப்பேரு போன வருசம் பிளெக்ஸுல சிரிச்ச மொகந்தான்.

ஆமா, நீ சொன்னியே டென்மார்க்குப் படம், போன்ல காட்டுனியே. கொள்ளையடிச்ச பணத்த அண்ணங்காரன் தம்பிகிட்டக் குடுத்துப் பொதைக்கச் சொல்லிட்டு ஜெயிலுக்குப் போறான். திரும்பி வந்து பாத்தா, தம்பி தன்ன ஜான் லெனன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கான். பணம் எங்கன்னு ஞாபகம் இல்ல. அவனுக்கு ஞாபகம் வரணும்னு, அதே மாதிரி தங்கள பீட்டில்ஸ்னு நம்புறவங்களாத் தேடிப் புடிச்சுப் பாட்டுக் கச்சேரிக்குச் செட்டு சேக்குறாங்க. நல்லா இருந்துச்சுய்யா. பணம் வேணும்னா அவனக் கிறுக்கன்னு தள்ளவும் முடியல, தாங்கித்தான் ஆகணும். இதுவும் நான் சொன்ன துண்டுக்குள்ள வெரல் கணக்குதான், என்ன, வெரலு எதிர்ப்பக்கமா மடங்குது.

2025-ல வடிவேலும் பகத் பாசிலும் நடிச்ச 'மாரீசன்' அதுக்குப் பக்கத்துல வந்துச்சு. திருட வந்த வீட்டுல ஒரு பெரியவர். மறதி நோயாளின்னு வெலங்கு மாட்டி வச்சிருக்கு. அவுத்து விட்டாக் காசு தர்றேங்கிறாரு. ஏ.டி.எம்.ல அவரு கணக்குல கெடக்குற தொகையப் பாத்ததும் திருடனுக்குப் பெரியவர் மேல பாசம் பொத்துக்கிட்டு வருது. பைக்குல ஏத்திக்கிட்டு ஊரு ஊராப் போறான். முடிவச் சொல்லமாட்டேன், நீ இன்னும் பாக்கலைன்னு உன் மூஞ்சியிலயே தெரியுது. ஆனா அந்த வெலங்கப் பாத்தப்ப தியேட்டர்ல ஒரு சிலரு சிரிச்சாங்க பாரு, எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, ஏர்வாடியில ஓலக் கொட்டகையில தீப்புடிச்சப்ப மனநோயாளிக 28 பேரு கருகிச் செத்தாங்க. ஓட முடியல. சங்கிலியில கட்டிக் கெடந்தாங்க. கொணாந்து விட்டவங்கள்ல பாவம், வைத்தியத்துக்கு வழியில்லாம வந்தவங்க உண்டு. வீட்டுல இருந்தாப் பாகப்பிரிவினைக்கு எடஞ்சல்னு வந்தவங்களும் இல்லாம இருந்திருப்பாங்களா? சங்கிலியக் காட்டுறதுன்னாக் காட்டு. சாவி யாரு இடுப்புல தொங்குதுன்னும் சேத்துக் காட்டு. பூட்டுக்குப் பேரு போன ஊர்க்காரன் நீ, அது கூடத் தெரியாம படம் எடுத்தா அசிங்கம்.

அந்த 2017 சட்டத்துல இன்னொண்ணும் இருக்காம், நம்ம வக்கீலு மருமவன் படிச்சுக் காட்டுனான். ஒருத்தன் ஏழை பணக்காரங்கிறத வச்சோ, ஊரு மதிக்கிற மாதிரி நடக்கலங்கிறத வச்சோ மனநோயாளின்னு முடிவு கட்டக் கூடாது. நோய் இருக்குன்னே ஆனாலும், அத வச்சு மட்டும் புத்தி சுவாதீனம் இல்லாதவன்னு ஆயிராது, கோர்ட்டு சொல்லணும். சங்கிலி போடுறதும் குத்தம். கேட்டுக்கிட்டு இருந்தப்ப எனக்கு நம்ம நத்தம் ரோட்டுப் பெரியவர் ஞாபகந்தான்.

பேரு வேணாம். நாலு வழிச் சாலைக்கு நெலம் எடுத்தப்ப அவரு காடும் போச்சு. பணம் வந்துச்சு, நல்ல பணம். அதப் பேங்குல போட்டுட்டு, பாஸ்புக்கச் சட்டப் பையில குத்தி வச்சுக்கிட்டு, மனுசன் பழையபடி கெடா மேய்க்கப் போயிட்டாரு. வீடு கட்டல, காரு வாங்கல, காதுகுத்து வைக்கல. சாயங்காலமானாக் களத்து மேட்டுல ஒக்காந்து செத்துப் போன பொண்டாட்டிகிட்டப் பேசுவாரு. இன்னைக்கு எந்த ஆடு குட்டி போட்டுச்சு, பேங்குல வட்டி எம்புட்டு ஏறுச்சு, சின்னவன் மறுபடியும் என்ன பொய் சொன்னான்னு எல்லாத்தையும் ஒப்பிப்பாரு. அந்தம்மா போன நாளுலருந்தே இப்படித்தான். அப்பல்லாம் ஊரு, "என்னா பாசம்யா"ன்னுச்சு. பணம் வந்த மறு மாசம் அந்தப் பாசம் வியாதி ஆயிருச்சு.

மவனுக ரெண்டு பேரும் ஒரு மனு எழுதிக்கிட்டு எங்கிட்டக் கையெழுத்துக்கு வந்தானுக. எங்கப்பாவுக்குப் புத்தி தடுமாறிருச்சு, பக்கத்துக் காட்டுக்காரர் சாட்சின்னு. கண்ணாடி இல்ல தம்பி, எழுத்துத் தெரியலன்னுட்டேன். கண்ணாடி மூக்கு மேலதான் இருந்துச்சு. அவனுக அதக் கேக்கல, நானும் கழட்டல. "மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டிக் காயிதம் வாங்கிட்டு வாங்கப்பா"ன்னேன். பெரியவரு நானும் வந்தாத்தான் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. என்ன கெழம, என்ன மாசம், எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னாரு. "சாயங்காலம் யாரோட பேசுறீங்க?" "எம் பொண்டாட்டியோட." "அவங்க இப்ப இல்லைல்ல?" "ஆமா, பங்குனியில போயிட்டா." "உங்களுக்குப் பதில் சொல்றாங்களா?" "உசிரோட இருந்தப்பவே அவ பதில் சொன்னதில்லம்மா, வஞ்சுதான் பழக்கம்." மவனுக, "பாத்தீங்களா டாக்டர், பாத்தீங்களா"ன்னு துள்ளுறானுக. அந்தம்மா கையக் காட்டி அமத்திட்டு, "நூறுலருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க பாப்போம்"னாங்க.

ஆட்டு யாவாரிகிட்டக் கழிச்சல் கணக்கா? பெரியவரு வெத்தலய ஒதுக்கிக்கிட்டு, "தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தொம்பது, எழுவத்திரெண்டு, அறுவத்தஞ்சு"ன்னு மடமடன்னு எறங்குறாரு. "போதுங்கய்யா"ன்னாங்க டாக்டரு. அவரு நிப்பாட்டல. ஒரே மூச்சுல ஒம்பது வரைக்கும் வந்து, அதுலயும் ஏழக் கழிச்சுட்டுத் தலையத் தூக்குனாரு. "கடைசியில ரெண்டு நிக்குதும்மா. இத எவன் பேருல எழுதுறது?"

டாக்டரு பெரியவன் பக்கம் திரும்பி, "நீங்க ஒருதரம் சொல்லுங்க"ன்னாங்க. அவன் தொண்ணூத்தி மூணு வரைக்கும் வந்தான். சின்னவன் சட்டப் பையில போனத் தேடுனான்.

காயிதம் கெடைக்கல. மனைவி போன துக்கம் இருக்கு, தனியா விடாதீங்க, தூக்கமோ சாப்பாடோ கொறஞ்சாத் திரும்பக் கூட்டிட்டு வாங்க, வேற ஒண்ணும் இல்லன்னு அந்தம்மா எழுதிக் குடுத்தாங்க. பஸ்ஸுல வர்றப்ப மவனுக ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு முன் சீட்டுல. பெரியவரு சன்னலோரத்துல ஒக்காந்து, நடந்ததெல்லாத்தையும் பொண்டாட்டிகிட்ட ஒண்ணு விடாமச் சொல்லிக்கிட்டே வந்தாரு. பக்கத்துல ஒக்காந்திருந்தவன் நானு. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.

வேணும்னா இத எடுத்துக்க பேராண்டி. அஞ்சு கோடி வேணாம், மலைக்கோட்டை வேணாம், அந்தத் தலப்பாவையும் கழட்டிரு. ஊரையும் பேரையும் மாத்து, அந்த மவனுக வீட்டுல நமக்கு ரெண்டு மொய் வரவேண்டியிருக்கு. படம் புடிக்கணும்னா வியாழக்கெழம அய்யலூர்ச் சந்தைக்கு விடியறதுக்கு முன்னாடியே வந்துரு, வெயில் ஏறுச்சுன்னா ஆடும் இருக்காது, ஆளும் இருக்காது. டாக்டரு வேசத்துக்கு மட்டும் சிரிப்பு நடிகர யாரையும் போட்டுத் தொலைச்சிராத. அன்னைக்கு ரூமுல இருந்த நாங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சிட்டோம், கம்பவுண்டர் உள்பட. அந்தம்மா சிரிக்கல. பேனாவ வச்சிட்டு, அந்த ரெண்ட யாரு பேருல எழுதுறதுன்னு நெசமாவே யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க.